கொள்ளும் குருதியும்

இராசபாளையம், சோழபுரம், திருவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த வானம் பார்த்த பூமியில் வசிக்கும் நமக்குக் கொள்ளு புதிய பொருளன்று. காளைக்குத் தீனியாகவும், வீட்டில் ரசமாகவும் துவையலாகவும் அதனை நாம் அறிவோம். நெல்லைச் சீமையார் இதனையே காணம் என்பர். இக்கொள்ளினை அரைத்து உப்புநீரிற் கரைத்து வடித்த சாறு, மனித இரத்தத்தின் இனத்தைப் பிரித்துக் காட்டவல்லது என்பதைப் பலர் அறியார். தக்க அளவில் நீர் சேர்த்த அச்சாற்றிற் சில துளிகளை ஏ இனத்தின் பெரும்பிரிவாகிய ஏ-1 இரத்தத்தில் விட்டால், செவ்வணுக்கள் திரண்டு கட்டியாகும். ஓ இனத்து இரத்தமோ, பி இனத்து இரத்தமோ அசையாது. 1951-ஆம் ஆண்டில் பேர்ட் என்னும் மருத்துவ அறிஞர் இதனைக் கண்டு, பெங்களூரிலிருந்து வெளிவரும் ‘கரண்ட் சயன்ஸ்’ என்னும் ஏட்டில் எழுதினார். இன்றும் இரத்தச் சோதனைச் சாலைகளில் ஏ-1 பிரிவைத் துணியக் கொள்ளுச் சாறு வழங்கி வருகின்றது.

ஒரு தானியத்துக்கு மனித இரத்தத்தின் வேற்றுமை எங்ஙனம் புலனாகும்? விடை சர்க்கரையில் உள்ளது. சர்க்கரை என்றவுடன் திருவில்லிபுத்தூரார்க்குப் பால்கோவா நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும் ஈண்டு யாம் குறிப்பது உண்ணும் சர்க்கரையன்று. செவ்வணுவின் மேற்புறத்திலுள்ள புரதங்கள்மீதும் கொழுப்புப் பொருள்கள்மீதும் பலவகைச் சர்க்கரைகள் சங்கிலி போலக் கோக்கப்பட்டுள்ளன. அச்சங்கிலியின் முனையில் ஃப்யூகோஸ் என்னும் சர்க்கரை அமைந்தால் எச் என்னும் குறி உண்டாகும். அதனோடு நின்றுவிடுவதே ஓ இனம். அதன்மேல் அசிட்டைல் காலக்டோசமின் ஏறினால் ஏ. வெறும் காலக்டோஸ் ஏறினால் பி. இரண்டும் காணப்படின் ஏபி. ஒவ்வொரு சர்க்கரையையும் அதனதன் இடத்திற் பொருத்துவதற்குத் தனித்தனி நொதி உண்டு; அந்நொதியை ஆக்கும் ஆணை பெற்றோரிடமிருந்து வருவது. கொள்ளிலுள்ள லெக்டின் என்னும் புரதத்தில், அசிட்டைல் காலக்டோசமின் மட்டும் அடங்கக்கூடிய சிறு குழி ஒன்று அமைந்திருக்கின்றது. அதனாலேயே ஏ இனத்து அணுக்களை அது பற்றுகின்றது.

நீரிழிவுடையார் சில திங்களுக்கு ஒருமுறை செய்துகொள்ளும் சோதனையிலும் புரதத்தில் ஒட்டிய சர்க்கரையே அளக்கப்படுகின்றது. ஆனால் அது நொதியின் தொழிலன்று. இரத்தத்தில் மிகுந்த குளுகோஸ் தானே ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்வது. ஒன்று தச்சன் பொருத்திய சட்டம். மற்றொன்று சுவரிற் படிந்த தூசி.

நிற்க. 1952-ஆம் ஆண்டில் லண்டனில் மார்கன், வாட்கின்ஸ் என்னும் இருவர், ஓ இனத்து அணுக்களைத் திரளச் செய்யும் விலாங்குமீன் ஸீரத்தில் ஃப்யூகோஸைக் கலந்து, அதன் ஆற்றல் அடங்கக் கண்டனர். எச் குறியின் உயிர்நிலை ஃப்யூகோஸே என்பது இதனால் விளங்கிற்று. அவ்வாண்டிலேயே பம்பாயில் பேண்டே என்னும் மருத்துவரும் அவர் துணைவரும் விந்தையானதோர் இரத்தத்தைக் கண்டு, மார்கன் முதலியோருடன் சேர்ந்து ‘லான்செட்’ ஏட்டில் வெளியிட்டனர். அவ்விரத்தத்தில் ஏ இல்லை, பி இல்லை, ஓ இனத்தார்க்கும் உரிய எச் குறியும் இல்லை. ஃப்யூகோஸைப் பொருத்தும் நொதி பழுதுபட்டமையே காரணம். அடிக்கல் இல்லாதவிடத்து ஏ, பி என்னும் மேற்கற்களும் ஏற வழியில்லை. இதனையே உலகம் ‘பம்பாய் இனம்’ என்று வழங்குகின்றது. நம் நாட்டில் சுமார் 10,000 பேருக்கு ஒருவர் இவ்வினத்தார் என்பர். ஐரோப்பாவில் பத்து இலட்சத்துக்கு ஒருவரைக் காண்பதே அரிது.

இவ்வினத்தார்க்கு இதனால் நோய் ஏதும் இல்லை. இடர் வருவது இரத்தம் வேண்டும்போதுதான். வழக்கமான சோதனையில் இவர் இரத்தம் ஓ இனம் போலவே தோன்றும். ஆனால் எச் குறியை ஒருபோதும் கண்டிராத இவர் உடல், அதனைப் பகையெனக் கொண்டு அழிக்கும் எதிர்ப்பொருளை உடையது. ‘யாவருக்கும் பொருந்தும்’ எனப் பெயர்பெற்ற ஓ இரத்தத்தில் அக்குறியே மிகுதி. எனவே அதனை ஏற்றினால் ஏற்றிய அணுக்கள் உடைந்து, சிறுநீரகம் கெட்டு, உயிர் போதலும் கூடும். இவர் இரத்தத்தை, பிற பொருத்தங்கள் அமையின், எவ்வினத்தார்க்கும் கொடுக்கலாம். இவர் பெறுவது தம் இனத்தாரிடமிருந்து மட்டுமே.

ஃப்யூகோஸ் செவ்வணுவில் மட்டும் அன்றி உடல் முழுவதிலும் குறைந்தால் நிலைமை வேறு. 1992-ஆம் ஆண்டில் இஸ்ரேல் மருத்துவர் இரு குழந்தைகளைப் பற்றி எழுதினர். பம்பாய் இனத்து இரத்தம் உடைய அக்குழந்தைகள் அடிக்கடி தொற்றுநோயால் வருந்தினர். அறிவு வளர்ச்சியும் குன்றியிருந்தது. வெள்ளணுக்கள் நோய் தாக்கிய இடத்தில் இரத்தக்குழாயின் சுவரைப் பற்றி வெளியேறுவதற்கும் ஃப்யூகோஸ் சேர்ந்த சர்க்கரையே கைப்பிடி. பிடியின்றி அவை இரத்தத்தோடு ஓடிவிடுகின்றன. பிற்காலத்தில் இந்நோயுற்றார் சிலர்க்கு ஃப்யூகோஸை உணவோடு கொடுத்தபோது தொற்று தணிந்தது.

பம்பாய் இனத்தைக் கண்டறிவது கடினமன்று. ஓ எனத் தோன்றுபவரின் ஸீரத்தை ஓ இனத்து அணுக்களோடு கலக்க வேண்டும். திரண்டால் ஐயம் கொள்ளலாம். அதனை உறுதி செய்யும் லெக்டின் கோர்ஸ் என்னும் முட்செடியின் விதையிலிருந்து கிடைப்பது. ஐரோப்பாவிலிருந்து வந்த அச்செடி, இன்று நீலகிரிப் புல்வெளிகளில் மஞ்சட்பூவோடு களையாய் மண்டிக் கிடக்கின்றது.

மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள நம் பக்கத்தில் இச்சோதனையை வீண்வேலை என எண்ணலாகாது. பழுதுற்ற ஆணை ஒன்றை மட்டும் உடையவர்க்கு யாதொரு குறையும் தெரியாது. அத்தகைய இருவர் மணந்தால் ஒவ்வொரு மகவும் பம்பாய் இனமாய்ப் பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. உறவினர் ஒரே பாட்டனாரிடமிருந்து அதனைப் பெற்றிருத்தல் எளிது. ஆதலின் ஒருவர் இவ்வினத்தார் எனத் தெரிந்தவுடன் அவருடைய உடன்பிறந்தாரையும் அழைத்துச் சோதிக்கின்றனர். அவசர காலத்தில் இரத்தம் தரவல்லார் அவருள்ளேயே இருத்தல் கூடும். நாள் குறித்துச் செய்யும் அறுவைச் சிகிச்சையாயின், நோயாளியின் இரத்தத்தையே முன்கூட்டி எடுத்துச் சேமித்து வைப்பதும் உண்டு.