மிளகாய் போடப் போகும் பிள்ளைகளுக்கு

புரட்டாசி மழையை நம்பி முதல் தடவையாக மிளகாய் போடப் போகும் தம்பி, தங்கைகளுக்கு இது. ராமநாதபுரம், தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கம் மிளகாய்தான் பல வீடுகளின் வருஷத்துச் சம்பாத்தியம். பூச்சிக்குப் பயப்படுகிற அளவுக்கு நாம் பூஞ்சாணத்துக்குப் பயப்படுவதில்லை. அது பளிச்சென்று தெரியும்போது பாதி வெள்ளாமை போயிருக்கும். மருந்தடிப்பது கடைசி வேலை. அதற்கு முந்திச் செய்ய வேண்டியவைதான் அதிகம்.

1. விதையை நீங்களே பொறுக்குங்கள். பழ அழுகலுக்கும் நுனிக்கருகலுக்கும் காரணம் ஒரே பூஞ்சாணம், கொலெட்டோட்ரைக்கம். 1913-லேயே கோயம்புத்தூர் மிளகாயில் பதிவான பழைய எதிரி. அது விதையோடு வரும். அழுகல் கண்ட பழத்தைப் பிளந்து பாருங்கள், விதை பழுப்பேறிக் கிடக்கும். நோயில்லாத செடியில் நன்றாகப் பழுத்த, புள்ளியில்லாத பழங்களைத் தனியே பறித்து, தனியே காயவைத்து விதை எடுங்கள். மூட்டையில் உதிர்ந்து கிடக்கும் விதையை அள்ளி விதைக்காதீர்கள்.

2. விதை நேர்த்தியைத் தட்டிக்கழிக்காதீர்கள். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா, அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் போதும். டிரைக்கோடெர்மா நமக்கு உதவும் உயிருள்ள பூஞ்சாணம். ரசாயனப் பூஞ்சாணக்கொல்லியோடு கலந்தால் செத்துப்போகும். வாங்கும்போது பாக்கெட்டில் காலாவதித் தேதியைப் பாருங்கள்.

3. தண்ணீர் தேங்க விடாதீர்கள். நாற்று விடுபவர்கள் மேட்டுப்பாத்தியில் விடுங்கள், நெருக்கி விதைக்காதீர்கள். நாற்றழுகல் வந்தால் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நீர் கோத்து, நூலாய் மெலிந்து, நாற்று சாயும். ஒரு மூலையில் தொடங்கித் திட்டுத் திட்டாகப் பரவும். கண்டவுடன் தண்ணீரைக் குறைத்து, லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து வேர்ப்பகுதி நனைய ஊற்றுங்கள். நேரடியாக விதைக்கும் மானாவாரிக் காட்டிலும் வடிகால் இல்லாமல் விதைக்கக் கூடாது.

4. வாடிய செடியைப் பிடுங்கிப் பாருங்கள். தண்டின் அடியைச் சாய்வாக வெட்டினால், ஃபுசேரியம் வாடலில் உள்ளே பழுப்பு ஓடியிருக்கும். வெட்டிய தண்டைக் கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீரில் தொங்கவிட்டால் சில நிமிஷத்தில் பால்போல இழை இறங்குகிறதா? அப்படியென்றால் அது பாக்டீரியா வாடல், பூஞ்சாண மருந்து கேட்காது. எதுவானாலும் அந்தச் செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

5. மிளகாய்க்குப் பின் மிளகாய் வேண்டாம். தக்காளியும் கத்தரியும் அதே குடும்பம், அவையும் வேண்டாம். கம்பு, சோளம், குதிரைவாலி என்று மாற்றுங்கள். ஏக்கருக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மாவை 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் சில நாள் வைத்து, பிறகு நிலத்தில் இடுங்கள்.

6. பழத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். பழுக்கும் நேரத்தில் மழை பெய்தால் அடுத்த நாளே காட்டுக்குப் போங்கள். பழத்தில் சிறு புள்ளி விழுந்து, குழிந்து, நீளவாக்கில் பரவும். நடுவில் வளையம் வளையமாகக் கருப்புப் பொட்டுகள் தெரியும். அவைதான் அந்தப் பூஞ்சாணத்தின் வித்துக் கூடுகள், மழைத்துளி பட்டுத் தெறித்துப் பக்கத்துச் செடிக்குப் போகும். அப்படிப்பட்ட பழத்தையும் கருகிய கிளை நுனியையும் பறித்துக் காட்டுக்கு வெளியே கொண்டுபோய் எரியுங்கள். வரப்பில் வீசாதீர்கள். நுனிக்கருகல் தென்பட்டதுமே மாங்கோசெப் லிட்டருக்கு 2 கிராம், அல்லது காப்பர் ஆக்ஸிகுளோரைடு 2.5 கிராம், 15 நாள் இடைவெளியில் தெளியுங்கள்.

7. பனிக்காலத்தில் இலையைப் புரட்டுங்கள். தை, மாசியில் சாம்பல் நோய் வரும். மிளகாயில் வெள்ளைப் பொடி பெரும்பாலும் இலையின் அடியில் இருக்கும். மேலே மஞ்சள் திட்டு மட்டும் தெரியும். பிறகு இலை கொட்டும், காய் சிறுக்கும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 3 கிராம், இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும்.

8. சுருண்ட இலைக்குப் பூஞ்சாண மருந்து அடிக்காதீர்கள். அது இலைப்பேன், சிலந்தி, அல்லது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். காசும் நாளும்தான் வீணாகும்.

9. நோயின் பெயர் தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள். நோய் கண்ட இலையையும் பழத்தையும் பையில் போட்டு வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ தோட்டக்கலை அலுவலகத்துக்கோ எடுத்துப் போங்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். கடைசித் தெளிப்புக்கும் பறிப்புக்கும் இடையே லேபிளில் போட்டிருக்கும் நாட்களை விடுங்கள். முகத்தை மூடிக்கொண்டு அடியுங்கள்.

10. களம் வரை காவல் வேண்டும். பறித்த பழத்தை வெறுந்தரையில் போடாமல் தார்ப்பாயிலோ சிமெண்டுக் களத்திலோ பரப்புங்கள். மாலையில் பனி படாமல் மூடுங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் ஆஸ்பெர்ஜில்லஸ் பிடித்து, ஈரலைக் கெடுக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சு சேரும். வத்தலில் ஈரம் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஐரோப்பிய நாடுகள் ஒரு கிலோ வத்தலில் மொத்தம் 10 மைக்ரோகிராமுக்கு மேல் அந்த நஞ்சை அனுமதிப்பதில்லை. எடைக்காகத் தண்ணீர் தெளிப்பவர்கள் அடுத்தவர் சோற்றில் நஞ்சு வைக்கிறார்கள்.

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரை இனிக் காப்பாற்ற வேண்டியவர்கள் நீங்கள். காலையில் ஒரு சுற்று, மழை விட்டதும் ஒரு சுற்று, காட்டுக்குள் நடந்து பாருங்கள். தினமும் செடியைப் பார்க்கிறவனுக்கு மருந்துச் செலவு குறையும்.