பன்னிரண்டு வயதில் ஒரு துணை



நம் பெருமானார் (ஸல்) அவர்கள் பிறக்குமுன்னரே தந்தையை இழந்தார்கள். 6 வயதில் தாயாரையும், 8 வயதில் பாட்டனாரையும் இழந்தார்கள். அதன்பின் வளர்த்தவர் பெரிய தந்தையார் அபூதாலிப். அவர் வணிகர்; ஆனால் செல்வந்தரல்லர், குடும்பமோ பெரிது. ஆயினும் 12 வயதளவில் அப்பிள்ளையைத் தம்முடன் ஷாம் நாட்டு வணிகப் பயணத்துக்கு அழைத்துச் சென்றார் என்று சீறா நூல்கள் கூறும்.

நம் சிங்கப்பூரிலும் 12 வயதில்தான் பிள்ளைகளுக்கு ஒரு பயணம் வருகிறது. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு முடிந்து, ஜனவரியில் உயர்நிலைப்பள்ளி. பழகிய ஆசிரியரும் தோழரும் இல்லை, பாடத்துக்கொரு ஆசிரியர். 2024 முதல் ஜி1, ஜி2, ஜி3 எனப் பாடத்துக்குப் பாடம் நிலையும் வேறுபடலாம். விவரமறிந்த வீட்டில் தந்தை விளக்குவார். தந்தையற்ற பிள்ளைக்கும், இரவு வேலைக்குச் செல்லும் தாயின் பிள்ளைக்கும் விளக்குவார் யார்?

1946ல் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கினர் இங்கே உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினர். 1960ல் அங்கு உயர்நிலை வகுப்புகளும் ஏற்பட்டன. 1982ல் அது மூடப்பட்டது. அன்று பள்ளிக்கூடம் தேவைப்பட்டது. இன்று பள்ளிகள் உண்டு. கூட நடக்கும் ஆள்தான் தேவை.

நாம் செய்யக்கூடியவை சில:

1. தாயாரின் சம்மதத்துடன், பிறர் காணும் இடத்தில், வாரம் ஒரு மணி நேரம் பிள்ளையைச் சந்திப்போம். பெண்பிள்ளைகளை நம் இல்லத்துப் பெண்மணிகள் கவனிக்கட்டும்.

2. டிசம்பரில் பள்ளி இன்னதென்று தெரிந்ததும், பேருந்திலேறி ஒருமுறை வழியைக் காட்டுவோம்.

3. கட்டணம், பாடநூல், சீருடை ஆகியவற்றுக்குக் கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டம் உண்டு. மனுவை நிரப்ப உதவுவோம்.

4. மதிப்பெண்ணை முதலில் கேட்க வேண்டாம். "யாருடன் உட்கார்ந்து சாப்பிட்டாய் தம்பி?" என்று கேட்போம். விடை வராவிட்டால் கவனிக்க வேண்டும். துன்பம் பெரிதெனத் தோன்றினால் பள்ளி ஆலோசகருக்குத் தெரிவிப்போம்.

ஒன்றை மறக்கலாகாது. இரண்டு வாரம் வந்து நின்றுவிடுவதைவிட, வாக்குக் கொடாதிருப்பதே மேல். ஏற்கெனவே ஒருவரை இழந்த பிள்ளை இன்னொருவரையும் இழக்கலாமா? சரக்குக்குச் சொன்ன தவணையைத் தவறவிடாத நாம், பிள்ளைக்குச் சொன்ன நேரத்தையும் தவறவிடாதிருப்போம். அதுவும் ஓர் அமானிதமன்றோ!

ஓராண்டு நிலைத்து நிற்க அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.