பைன் மரத்தின் மூன்று கோடைகள்

மரங்கள் வாய்திறந்து பேசுவன அல்ல. எனினும், தாம் பட்ட வெயிலையும் பெற்ற மழையையும் அவை தம் உடலிலேயே எழுதி வைக்கின்றன. அவ்வெழுத்தைப் படிக்கக் கற்றவர், ஒரு மரம் நலமுற்றிருந்த ஆண்டையும் நலிவுற்றிருந்த ஆண்டையும் தெளிவாக அறிவர். அத்தகைய மரங்களுள் ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்குப் பகுதியில் வளரும் பின்யான் பைன் ஆகும்.

நியூ மெக்சிகோ, அரிசோனா, கொலராடோ, யூட்டா ஆகிய மாநிலங்களில் வறண்ட மேட்டு நிலங்கள் பல உள்ளன. மழை குறைந்த அந்நிலங்களில் இம்மரம் வேரூன்றி நிற்கின்றது. இது வானளாவ உயர்வதன்று. மெல்ல வளர்ந்து, சில நூறு ஆண்டுகள் வாழ்வது. இதன் இலைகள் ஊசி போன்றவை. பைன் இனத்து மரங்களுக்குக் கனி இல்லை; செதில்கள் அடுக்கடுக்காக அமைந்த கூம்பினுள் விதைகள் தங்கியிருக்கும். பின்யான் விதை கொழுப்பும் சுவையும் மிக்கது. புவெப்லோ, நவஹோ முதலிய பழங்குடி மக்கள் தொன்றுதொட்டு அதனை உணவாகக் கொண்டு வருகின்றனர்.

இம்மரத்தின் கூம்பு ஓராண்டில் விளைவதன்று. முதல் ஆண்டுக் கோடையின் இறுதியில், மொட்டினுள் கூம்பின் கரு தோன்றுகின்றது. பனிக்காலம் முழுவதும் அது உறங்கிக் கிடக்கும். இரண்டாம் ஆண்டில் அது சிறு கூம்பாக வெளிப்பட, காற்று மகரந்தத்தைச் சுமந்து வந்து அதனிடம் சேர்க்கும். மற்றொரு பனிக்காலம் கழிந்தபின், மூன்றாம் ஆண்டில் கூம்பு பருத்து, இலையுதிர் காலத் தொடக்கத்தில் முதிரும். இவ்வாறு கரு தோன்றிய நாள் முதல் விதை முற்றும் வரை ஏறத்தாழ 26 திங்கள் செல்கின்றன. முதிர்ந்த கூம்பு ஈரம் வற்றியதும், அதன் செதில்கள் விரிந்து விதைகளைக் காட்டும்.

இந்நெடும் பயணத்தில் கூம்பிற்கு நேரும் இடையூறுகள் பல. உறைபனி இளங்கூம்பைக் கருகச் செய்யும்; வறட்சி அதனை வாட்டும்; பூச்சிகள் துளைக்கும். இவை அனைத்திற்கும் முற்பட்டது, கரு தோன்றும் காலத்து வெப்பநிலை. கோடையின் இறுதி குளிர்ந்திருப்பின் கூம்புகள் மிகுதியாகக் கருக்கொள்கின்றன. வெப்பம் மிக்கிருப்பின் அவை குறைகின்றன. அண்டை நிலங்களில் ஒத்த தட்பவெப்பம் நிலவுதலால், அங்குள்ள மரங்கள் பெரும்பாலும் ஒரே ஆண்டில் ஒருங்கே காய்க்கின்றன. பின்னர்ச் சில ஆண்டுகள் மிகச் சிறிதே காய்த்து நிற்கின்றன.

இதனால் மரத்திற்கு விளையும் பயன் யாது? ஆண்டுதோறும் சிறிதளவே காய்த்தால், எலியும் பூச்சியும் பறவையும் அனைத்தையும் தின்று தீர்த்துவிடும். பெருவிளைச்சல் ஆண்டிலோ, அவை உண்டதுபோக எஞ்சிய விதைகள் முளைக்க இடமுண்டு. காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த பின்யான் ஜே என்னும் நீலப் பறவை, விதைகளைத் தொலைவிற்கு எடுத்துச் சென்று, பிற்காலத் தேவைக்கென மண்ணில் புதைத்து வைக்கின்றது. அது மீட்டெடுக்காது விட்ட விதைகளுட் சில புதிய மரங்களாகின்றன. இம்மரத்தின் விதைக்குக் காற்றில் பறக்கும் சிறகு இல்லை. ஆதலின், பறவையே அதற்குச் சிறகாக அமைந்தது எனலாம்.

கூம்பு உதிர்ந்த இடத்தில் கிளையின்மேல் ஒரு வடு நிற்கும். அவ்வடுக்களை எண்ணினால், கடந்த பல ஆண்டுகளின் விளைச்சலைக் கணக்கிடலாம். ஆராய்ச்சியாளர் இம்முறையைக் கையாண்டு, நியூ மெக்சிகோவிலும் அதனை அடுத்த ஒக்லஹாமா மாநிலத்தின் மேலைப் பகுதியிலும் நிற்கும் மரங்களை ஆராய்ந்தனர். 1970களை ஒட்டிய பத்தாண்டு விளைச்சலை, 2012ஆம் ஆண்டை ஒட்டிய பத்தாண்டு விளைச்சலோடு அவர்கள் ஒப்பிட்டனர். கூம்பு விளைச்சல் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்திருந்தது. வெப்பம் மிகுதியாக உயர்ந்த இடங்களிலேயே இக்குறைவும் மிகுதியாகக் காணப்பட்டது.

இக்குறைவு எளிதில் கண்ணுக்குப் புலனாவதன்று. காடு பசுமையாகவே தோன்றும். மரங்கள் முன்போலவே நிற்கும். ஆயினும், முதிய மரங்கள் வீழும்பொழுது அவற்றின் இடத்தில் நிற்க இளமரங்கள் வேண்டுமன்றோ? 2002, 2003ஆம் ஆண்டுகளில் அப்பகுதியைக் கடும் வறட்சி வாட்டியது. நீரின்றித் தளர்ந்த மரங்களைப் பட்டை வண்டுகள் தாக்கின. எண்ணற்ற பின்யான் மரங்கள் பட்டுப்போயின. புதிதாக முளைத்த கன்றோ, காய்க்கும் பருவம் எய்தப் பல பத்தாண்டுகள் வேண்டும். விதை குறைந்தால் பறவைக்கு உணவு குறையும். பறவை குறைந்தால் விதையைப் பரப்புவார் இலர். இவ்வாறு ஒன்றன் நலிவு மற்றொன்றையும் நலிவிக்கும்.

இன்று கையில் ஏந்தும் ஒரு கூம்பு, இரண்டாண்டுகட்கு முன் சென்ற கோடையின் விடையாகும். இன்றைய கோடைக்கு மரம் அளிக்கும் விடையோ, இனி வரும் ஆண்டுகளிலேயே தெரியும். காற்றை வெப்பமுறச் செய்யும் மக்களின் செயல்களும் இத்தகையனவே. அவற்றின் பயன் உடனே தோன்றவில்லை என்பதனால், பயனே இல்லை என்று கொள்ளுதல் அறிவுடைமை ஆகாது.

பயிற்சி

1. பின்யான் கூம்பு கரு தோன்றியது முதல் முதிர்வது வரை அடையும் நிலைகளை முறையே எழுதுக.
2. மரங்கள் ஒருங்கே காய்ப்பதனால் விளையும் நன்மை யாது?
3. “பறவையே அதற்குச் சிறகாக அமைந்தது” – விளக்குக.
4. பழைய விளைச்சலை ஆராய்ச்சியாளர் எங்ஙனம் கணக்கிட்டனர்?