குடும்ப நீதிமன்றத்தில் குழந்தையின் குரல்

கணவனும் மனைவியும் பிரிந்து வாழ முற்படும்போது எழும் வழக்கில் தரப்பினர் இருவரே. ஆனால் தீர்ப்பின் விளைவை நெடுங்காலம் சுமப்பவர் மூன்றாமவர் ஒருவர், அவர்களுடைய குழந்தை. எந்த வீட்டில் வளர்வது, எந்தப் பள்ளியில் படிப்பது, தாயையோ தந்தையையோ எந்த நாட்களில் காண்பது ஆகிய யாவும் நீதிமன்றத்தில் முடிவாகின்றன. ஆயினும் அவ்வழக்கில் குழந்தை ஒரு தரப்பினர் அன்று. அதற்கெனத் தனி வழக்கறிஞரும் பெரும்பாலும் இருப்பதில்லை. குழந்தையின் நலனை எடுத்துரைக்கும் பொறுப்பு யாரைச் சார்ந்தது என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

சட்டம் வகுத்த நெறி

குழந்தையின் நலன் பற்றிய அக்கறை நம் சட்டங்களுக்குப் புதிதன்று. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர்கள் மற்றும் காக்கப்படுபவர்கள் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, காப்பாளரை நியமிக்கும்போது இளவரின் நலனையே நோக்க வேண்டும் என்கிறது. தன் விருப்பத்தை அறிந்து கூறும் வயது குழந்தைக்கு இருந்தால் அவ்விருப்பத்தையும் நீதிமன்றம் கருத்திற் கொள்ளலாம் என்றும் அது கூறுகிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, குழந்தையின் நலனே தலையாயது என்று வரையறுக்கிறது. பெற்றோரின் கைப்பொருளாகவோ விளையாட்டுப் பொருளாகவோ குழந்தைகளைக் கருதலாகாது என 1973-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் தொகை கொண்ட நகரங்களில் இத்தகைய நீதிமன்றங்களை அமைக்க வகை செய்தது. சமரசமும் விரைவான தீர்வும் இதன் நோக்கங்கள். எனவேதான் வழக்கறிஞரை வைத்து வாதாடுவதைத் தரப்பினரின் உரிமையாக இச்சட்டம் ஏற்கவில்லை.

குறை எங்கே?

நெறி தெளிவாக இருப்பினும், அதை நிறைவேற்றும் வழி தெளிவாக இல்லை. தாயின் சார்பில் பேசுபவர் தாயின் கோரிக்கையையும், தந்தையின் சார்பில் பேசுபவர் தந்தையின் கோரிக்கையையும் நிலைநாட்டவே கடமைப்பட்டவர்கள். இருவரும் குழந்தையின் நலன் என்ற ஒரே சொல்லைக் கையாளுகின்றனர். ஆனால் இருவர் காட்டும் நலனும் வேறு வேறாக உள்ளன. ஆலோசகரின் முதற்பணி இணக்கம் காண்பதாகும். நீதிபதி தம் அறையில் குழந்தையோடு சிறிது நேரம் பேசுவதுண்டு. ஆனால் பழக்கமில்லாத இடத்தில், அதுவரை தன்னை வைத்திருந்தவர் வெளியே காத்திருக்கையில், குழந்தை கூறுவது அதன் உள்ளக் கருத்துத்தானா என்பதை அச்சிறு பொழுதில் அறிவது அரிது.

இவ்விரு பக்க இடர்களையும் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியுள்ளது. 2008-இல் வந்த ஒரு வழக்கில், குழந்தையின் விருப்பத்தைக் கீழ் நீதிமன்றங்கள் கேட்டறியாதது பிழை என அது கருதியது. 2017-இல் மற்றொரு வழக்கில், ஒருவரிடமே வளரும் குழந்தையின் மனம் மற்றவருக்கு எதிராகத் திருப்பப்படும் நிலையை அது விவாதித்தது. கேளாமல் விடுவதும் தவறு. கேட்டதை அப்படியே கொள்வதும் போதாது.

சொத்து வழக்கில் காட்டும் கவனம்

இங்கு ஓர் ஒப்பீடு பயன்தரும். குழந்தைக்கு ஒரு நிலத்தில் பங்குண்டு. அது தொடர்பான வழக்கில் அக்குழந்தை எதிர்வாதியாகச் சேர்க்கப்படுகிறது எனக் கொள்வோம். உரிமையியல் நடைமுறைச் சட்டத் தொகுப்பின் 32-ஆவது கட்டளையின்படி நீதிமன்றம் அதற்கு வழக்குக் காப்பாளர் ஒருவரை நியமித்தாக வேண்டும். அவருடைய நலன் குழந்தையின் நலனுக்கு முரணாக இருத்தல் கூடாது. நிலத்தின் ஒரு பங்குக்கு இத்துணைக் காப்பு அளிக்கும் சட்டம், குழந்தையின் வாழ்வே வழக்கின் பொருளாகும்போது அதன் சார்பில் பேசும் பணியைப் பிணங்கி நிற்கும் இருவரிடமே விட்டுவிடுகிறது. இம்முரண்பாடே இப்பிரச்சினையின் கருவாகும்.

கைவசமுள்ள வழிகள்

இக்குறையைப் போக்கப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவு மருத்துவர், சமூக நல வல்லுநர் ஆகியோரின் உதவியைப் பெற இடமளிக்கிறது. 13-ஆவது பிரிவின் காப்புரை, நீதியின் பொருட்டுச் சட்ட வல்லுநர் ஒருவரை நீதிமன்றத்திற்கு உதவுபவராக அழைக்க அனுமதிக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், குழந்தைகளுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி வழங்குகிறது. எனினும் வழக்குத் தொடுப்பவருக்கும் எதிர்வழக்காடுபவருக்கும் உரியதாகவே அவ்வுதவி சொல்லப்பட்டுள்ளது. தரப்பினர் அல்லாத குழந்தைக்கு அது கிட்ட வேண்டுமாயின் நீதிமன்றமே முன்முயற்சி எடுத்தல் வேண்டும்.

இந்தியா 1992-இல் ஏற்ற குழந்தைகள் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 12-ஆவது விதியும் இங்குக் கருதத்தக்கது. தன்னைப் பாதிக்கும் நீதிமன்ற நடவடிக்கைகளில் நேரடியாகவோ பிரதிநிதி மூலமாகவோ கருத்துரைக்கும் வாய்ப்பை அது குழந்தைக்கு அளிக்கிறது.

விருப்பமும் நலனும்

குழந்தையின் விருப்பமும் அதன் நலனும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. எட்டு வயதுச் சிறுவன் கண்டிப்பில்லாத வீட்டை விரும்பலாம். அவனுடைய படிப்பும் உடல்நலமும் மற்ற வீட்டில் செம்மையாக அமையலாம். ஆஸ்திரேலியாவில் நீதிமன்ற ஆணைப்படி அமர்த்தப்படும் தனி வழக்கறிஞர், குழந்தையின் கட்டளைக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். சான்றுகளை ஆராய்ந்து அதன் நலனுக்கு உகந்ததைக் கூறுவதே அவர் பணி. அதேவேளையில் குழந்தை தெரிவித்த கருத்தையும் அவர் நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும். விருப்பம் இது, நலன் இது என இரண்டையும் பிரித்துக் காட்டுவது நம் நாட்டிற்கும் ஏற்ற முறையாகும்.

செய்யத்தக்கவை

கடும் பிணக்குள்ள வழக்குகளில் இத்தகைய பிரதிநிதியைத் தொடக்கத்திலேயே நியமித்தல் வேண்டும். இடைக்கால ஆணையின்படி ஓரிடத்தில் ஆண்டுக்கணக்கில் வளர்ந்துவிட்ட குழந்தையை மீண்டும் இடம் பெயர்ப்பது கடினமாதலால், இடைக்கால ஆணையே நடைமுறையில் இறுதித் தீர்ப்பாகிவிடக் கூடும். பிரதிநிதி இரு வீடுகளையும் காணவும், ஆசிரியரிடம் பேசவும், குழந்தையைப் பலமுறை தனியே சந்திக்கவும் வேண்டும். இரு பெற்றோரிடமும் அவர் ஊதியம் பெறலாகாது. முடிவுக்குப் பின், அதன் காரணத்தைக் குழந்தைக்குப் புரியும் மொழியில் கூறுவதும் அவர் கடமையாதல் நன்று. இப்பணிக்கு மாவட்டந்தோறும் பயிற்சி பெற்றவர்களின் பட்டியல் ஒன்றைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் ஆயத்தம் செய்யலாம்.

எல்லா வழக்குகளுக்கும் இது தேவைப்படாது. பெற்றோர் மனமொத்து முடிவு செய்யும் இடங்களில் மூன்றாமவர் தலையீடு சுமையாகவும் ஆகலாம். ஆனால் உடன்பாடு முறிந்த இடத்தில் குழந்தையின் நிலையை நின்று நோக்க ஒருவர் வேண்டும். நலனே தலையாயது என்று சட்டம் கூறிவிட்டது. அந்நலனை அறிந்து சொல்ல ஒருவரை அமர்த்தும்போதுதான் அச்சொல் செயலாகும்.