முருங்கைப் பொடி: உணவா, மருந்தா?

வீரபாண்டியில் அங்கத்தினர் ஒருவர், அயல்நாட்டுக்கு அனுப்பவிருந்த முருங்கை இலைப்பொடியின் லேபிளை என்னிடம் காட்டினார். "நீரிழிவைத் தீர்க்கும்" என அச்சிட்டிருந்தது. பொடி மூலனூர்ப் பக்கத்து நல்ல சரக்கு. அந்த ஒரு வரியே அதனை மருந்தாக்கிவிட்டது.

சட்டம் பொருளை மட்டும் நோக்குவதில்லை. விற்பவர் அதைப்பற்றிச் சொல்வதையும் நோக்குகிறது. அமெரிக்காவின் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, துணையுணவு உடலின் இயல்பான செயலுக்கு உதவும் என்று தக்க ஆதாரத்துடன் கூறலாம். எந்நோயையும் கண்டறியவோ, தீர்க்கவோ, தடுக்கவோ உரியதன்று என்ற வாசகமும் உடன் இருத்தல் வேண்டும். நோயைத் தீர்க்கும் என்று கூறினாலோ அது மருந்து; அனுமதி பெறாத மருந்தைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவர். கப்பற்கூலி நம் தலையில் விழும். ஐரோப்பிய ஒன்றியத்திலும், நோய் தீர்ப்பதாகக் காட்டி விற்பதே ஒரு பொருளை மருந்தாக்கப் போதுமானது. நமது 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டமும் இத்தகைய உணவு குறிப்பிட்ட நோயைத் தீர்ப்பதாகக் கூறுவதை ஏற்பதில்லை.

"எங்கள் அப்பத்தா காலத்திலிருந்து உண்பதுதானுங்களே?" என்றார் அவர். உண்மையே; ஆயினும் துறைமுக அதிகாரி அப்பத்தாவை அறியார். விளம்பரத் தாளும் இணையப் பக்கமுங்கூட லேபிளைப் போலவே கொள்ளப்படும்.

அச்சிட்டதை வீணாக்க மனமின்றி, அவ்வரியை மட்டும் மையால் அடித்துவிடலாமா என்று வினவினார். வேண்டாம் என்றேன். புதிய லேபிள் ஒட்டிய பின்னரே பெட்டிகள் புறப்பட்டன.