ஸ்கேன் ரிப்போர்ட் தெளிவாக இல்லாதபோது

சில மாதங்களுக்கு முன் அஸர் தொழுகைக்குப் பின் ஓர் இளைஞர் நம் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய வாப்பா நுரையீரல் புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி எடுத்துவருகிறார். புதிய ஸ்கேன் ரிப்போர்ட்டில், கட்டி பெரிதாகத் தெரிகிறது, ஆனால் நோய் வளர்ந்ததா சிகிச்சையின் விளைவா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று இருந்தது. டாக்டரைப் பார்க்க இன்னும் நான்கு நாட்கள். அதற்குள் வீட்டில் அழுகை. வாப்பாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. "இனி ஊசி எதற்கு, பணம்தான் வீண்" என்றனர் உறவினர்கள். அடுத்த ஊசிக்கு உதவுவதா என்று நாமும் தயங்கினோம். அதை மறைக்க விரும்பவில்லை.

அந்தத் தயக்கம் அவசரப்பட்டது என்பதைப் பின்னர் புரிந்துகொண்டோம்.

கீமோ மருந்து புற்று அணுக்களை நேரடியாகத் தாக்குகிறது. இம்யூனோதெரபியில் இன்று பரவலாகத் தரப்படும் மருந்துகள் அப்படிச் செய்வதில்லை. நம் எதிர்ப்புச் சக்தியின் மீது விழுந்திருக்கும் பிரேக்கை அவை விடுவிக்கின்றன. இந்த வழியைக் காட்டியதற்காகவே ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோஞ்சோ இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. விடுபட்ட அணுக்கள் கட்டிக்குள் திரளும்போது கட்டி வீங்கலாம். சி.டி. ஸ்கேன் அளவைக் காட்டும். வீங்கியது புற்றா, அதை எதிர்க்க வந்த அணுக்களா என்று எப்போதும் பிரித்துக் காட்டாது. சிகிச்சையால் நுரையீரலில் வரும் அழற்சியும் புதிய கட்டிபோலத் தோன்றலாம். பெட் ஸ்கேனில் அழற்சியும் காசநோயும்கூடப் புற்றைப் போலவே ஒளிரும்.

அதனால்தான், மருத்துவ ஆய்வுகளுக்காக 2017இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல், முதல் ஸ்கேனில் தெரியும் வளர்ச்சியை 'உறுதியாகாத வளர்ச்சி' என்றே குறிக்கச் சொல்கிறது. 4 முதல் 8 வாரங்களில் மீண்டும் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். நோயாளியின் உடல்நிலை நன்றாக இருந்தால், அதுவரை டாக்டர் சிகிச்சையைத் தொடரலாம்.

ஆனால் பொய் நம்பிக்கையும் கூடாது. இத்தகைய 'பொய் வளர்ச்சி' அரிது. பெரும்பாலான ஆய்வுகளில் 100 பேரில் 10 பேருக்கும் குறைவு. பெரிதாகத் தெரிந்தால் பெரும்பாலும் உண்மையாகவே வளர்ந்திருக்கும். அப்போதும் அந்த மருந்துதான் பலிக்கவில்லை. வேறு சிகிச்சை உண்டா என்று கேட்க வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது இந்தக் கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள்:

1. பழைய ஸ்கேனுடன் ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?
2. நோயாளியின் உடல்நிலையும் ரத்தப் பரிசோதனையும் என்ன சொல்கின்றன?
3. அடுத்த ஸ்கேன் எப்போது? அதுவரை ஊசி தொடருமா?
4. கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதிப்பது பயன்தருமா?
5. வளர்ச்சி உறுதியானால் அடுத்த வழி என்ன?

மூச்சுத்திணறல், கூடிவரும் இருமல், ஓயாத வயிற்றுப்போக்கு, காய்ச்சல், கண் மஞ்சளாதல் ஆகியவை வந்தால் அடுத்த ஸ்கேனுக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். சிகிச்சையை நிறுத்திச் சில மாதங்கள் கழிந்த பின்னும் இவை வரலாம்.

காத்திருக்கும் வாரங்கள்தான் கடினமானவை. இரவில் தனியாக ரிப்போர்ட்டைத் திறந்து படிக்காதீர்கள். டாக்டரிடம் பேசும் பொறுப்பை ஒருவர் ஏற்றுக்கொள்ளுங்கள். உறவினர்கள் அவரிடம் மட்டும் கேட்கட்டும். நலம் விசாரிக்க வருபவர்கள் ஸ்கேனைப் பற்றிப் பேசாமல், துஆ செய்துவிட்டு, ஒரு வேளைச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போகலாம். நோயாளி அறிய விரும்பினால் அவரிடம் மறைக்காதீர்கள். வீட்டில் உள்ளவர்களின் முகத்திலிருந்தே அவர் பாதியை அறிந்திருப்பார்.

அந்த வாப்பாவிடம் மகனே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஆறு வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி இன்னும் வளர்ந்திருந்தது. மருந்து மாற்றப்பட்டு, இப்போது கீமோ நடக்கிறது. ஆனால் அந்த ஆறு வாரத்தில் அவர் தம் கடன்களைக் கணக்குப் பார்த்தார்; நெடுநாளாகப் பேசாதிருந்த தம்பியை வீட்டுக்கு அழைத்தார். "தெரியாமல் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது" என்று நம்மிடம் சொன்னார்.

இனி ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து மருத்துவ உதவியை நிறுத்துவதில்லை, டாக்டரின் கடிதத்தைப் பார்த்தே முடிவெடுப்பது என்று நம் நிர்வாகக் குழுவும் தீர்மானித்துள்ளது. இப்படியொரு ரிப்போர்ட் உங்கள் வீட்டில் இருந்தால் எடுத்து வாருங்கள். டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றைச் சேர்ந்து உட்கார்ந்து எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.