டி-சட்டைக்கு என்ன நிறம்? பனியில் கற்ற பாடம்



திருவிழா, சமய முகாம், விளையாட்டுப் போட்டி என்று எது வந்தாலும் நம் இளைஞர் பிரிவில் முதலில் எழும் கேள்வி, "இந்த வருஷம் டி-சட்டை என்ன நிறம்?" என்பதுதான். உடனே வாட்ஸ்அப் குழுவில் ஓட்டெடுப்பு நடக்கும். பெரும்பாலும் கறுப்புதான் ஜெயிக்கும். "கறுப்புதாண்ணே கெத்து!" என்பார்கள்.

நானும் ஒரு காலத்தில் அதையே சொன்னவன். அதுவும் ஈப்போவில் சட்டை அச்சடிக்கும் கடையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன். அப்படிப்பட்ட நானே எங்கள் ஊரான கோலா தெர்லாவில் ஒரு பெரிய தப்பு செய்துவிட்டேன். நீங்கள் அதைச் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பாடம்.

அன்று காலை நடந்தது

எங்கள் மாரியம்மன் கோவில் திருவிழா. திரிங்காப்பிலிருந்து கோலா தெர்லாவுக்கு இளைஞர்கள் விடியற்காலையில் பாத யாத்திரை வருவது என்று முடிவானது. மொத்தம் நாற்பது பேர். சட்டை என் பொறுப்பு. இணையத்தில் ஒரு நிற அட்டவணையைப் பார்த்தேன். கறுப்பு என்றால் வலிமை, சிவப்பு என்றால் வீரம் என்று போட்டிருந்தது. கறுப்புச் சட்டை, நெஞ்சில் அடர் சிவப்பில் சூலம் என்று டிசைன் போட்டேன். போனில் பார்த்தபோது அவ்வளவு அழகு! எல்லாரும் கைதட்டினார்கள்.

திருவிழா அன்று காலை ஆறே முக்கால் மணி. விடிந்தும் விடியாத நேரம். தேயிலை மலையிலிருந்து பனி இறங்கி ரோட்டை மூடியிருந்தது. வளைவில் ஒரு காய்கறி லாரி வந்தது. எங்களுக்கு லாரி தெரிந்தது. லாரிக்கு நாங்கள் தெரியவில்லை. பிரேக் சத்தம் கேட்டதும் எல்லாரும் ஓரத்தில் குதித்தோம். பதினைந்து வயது தங்கை ஒருத்தி கால்வாயில் விழுந்து கணுக்கால் பிசகிவிட்டது. அதோடு போனது அம்மன் அருள்.

லாரி ஓட்டி வந்த அங்கிள் இறங்கி வந்தார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. "தம்பி, சத்தியமா ஒங்கள எனக்குத் தெரியலப்பா. ரோடு காலியா இருக்குன்னு நெனச்சேன்" என்றார். அவர் மேல் தப்பில்லை. நாற்பது பேரையும் இருட்டோடு இருட்டாக மறைத்தவன் நான்தான்.

கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தால், அந்தக் காலத்தில் கொழுந்து பறித்த பாட்டி ஒருவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "ஆத்தா திருவிழாவுக்குக் கறுப்பு உடுத்திக்கிட்டு வந்திருக்கீங்களே, ஏன்யா?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரே சட்டையில் இரண்டு தப்பு. ஒன்று கண்ணுக்கு, இன்னொன்று மனசுக்கு. நிறத்தின் உளவியல் என்று பெரிதாகப் பேசுகிறோமே, அதை இந்த இரண்டில் அடக்கிவிடலாம். அந்த நிறம் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது? பார்ப்பவர் மனசில் அது என்ன சொல்கிறது?

1. கண் என்ன பார்க்கிறது?

நம் கண்ணுக்குள் இரண்டு வகை உயிரணுக்கள் இருக்கின்றன. கூம்பு வடிவ அணுக்கள் நல்ல வெளிச்சத்தில் நிறம் பார்க்கும். குச்சி வடிவ அணுக்கள் மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்யும். அவற்றுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. பகலில் நம் கண் மஞ்சள் கலந்த பச்சைக்குத்தான் அதிகமாகக் கூர்மை காட்டும். இருட்டத் தொடங்கினால் அந்தக் கூர்மை நீலப்பச்சைப் பக்கம் நகர்ந்துவிடும். அப்போது சிவப்பு கறுத்துப்போகும்.

இதை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கவனித்துச் சொன்னவர் செக் அறிஞர் யான் புர்கினே. அதனால் இதற்குப் புர்கினே விளைவு என்றே பெயர். நீங்களே சோதித்துப் பாருங்கள். வீட்டு வாசலில் செம்பருத்தி இருந்தால் விடிவதற்கு முன் போய்ப் பாருங்கள். இலை ஓரளவு தெரியும். பூ கறுப்பாக இருக்கும். என் சட்டையில் இருந்த சூலத்துக்கும் இதேதான் நடந்தது. கறுப்புத் துணியோ தன் மேல் விழும் வெளிச்சத்தில் மிகக் கொஞ்சத்தைத்தான் திருப்பி அனுப்பும். கறுப்பின் மேல் கறுத்துப்போன சிவப்பு. அந்த அங்கிளுக்கு எப்படித் தெரியும்?

"அப்படியென்றால் வெள்ளைச் சட்டை போடலாமே?" என்று கேட்பீர்கள். இருட்டில் வெள்ளை நல்லது. ஆனால் விடிந்த பிறகு பனிக்குள் வெள்ளையும் கரைந்துவிடும், ஏனென்றால் பனியே வெள்ளை. பச்சையும் எங்கள் ஊருக்கு உதவாது. தேயிலைச் செடிக்கு முன்னால் பச்சைச் சட்டைக்காரரைத் தேட வேண்டியதுதான்.

சின்ன வயதில் என் அம்மா மலையில் கொழுந்து பறிப்பார். பனி இறங்கினால் ஆட்கள் எல்லாரும் ஒரே சாம்பல் நிறமாகிவிடுவார்கள். அம்மா இடுப்பில் மஞ்சள் பிளாஸ்டிக் கட்டியிருப்பார். அந்த மஞ்சளை வைத்துத்தான் "அதோ அம்மா" என்று கண்டுபிடிப்பேன். கடையில் ஆறு வருஷம் வேலை பார்த்தும் அந்த மஞ்சள் என் ஞாபகத்துக்கு வரவில்லை, பாருங்கள்.

ஒரு நிறத்தை மட்டும் தனியாக வைத்து "இது எடுப்பான நிறம்" என்று சொல்ல முடியாது. பின்னால் என்ன இருக்கிறது, வெளிச்சம் எவ்வளவு என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எழுத்துக்கும் இதே விதி. பச்சைத் துணியில் சிவப்பு எழுத்து போட்டால் சிலரால் படிக்கவே முடியாது. ஆண்களில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பேர் வரை சிவப்பையும் பச்சையையும் சரியாகப் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள். உங்கள் குழுவிலேயே ஒருவர் இருக்கலாம்.

2. மனசு என்ன படிக்கிறது?

நிறத்துக்கும் உணர்ச்சிக்கும் உள்ள தொடர்பு வெளிநாட்டிலிருந்து வந்த பாடம் என்று நினைக்காதீர்கள். தொல்காப்பியத்தின் உரியியல், கறுப்பு, சிவப்பு என்ற இரண்டு சொல்லும் கோபத்தைக் குறிக்கும் என்கிறது. அவை நிறத்தையும் குறிக்கும் என்று பிறகு சேர்க்கிறது. இன்றைக்கும் நாம் "முகம் செவந்துபோச்சு", "முகம் கறுத்துப்போச்சு", "முகம் வெளுத்துப்போச்சு" என்றுதானே பேசுகிறோம்?

நம் சமயமும் நிறத்தால் பேசுகிறது. முருகன் சேயோன், சிவந்தவன். திருமால் மாயோன், கரியவன். சைவ சித்தாந்த நூலான உண்மை விளக்கம் ஐம்பூதங்களுக்கும் நிறம் சொல்கிறது. மண் பொன்னிறம், நீர் வெண்மை, தீ செம்மை, காற்று கருமை, வானம் புகை நிறம்.

ஆனால் ஒரே நிறம் எல்லாருக்கும் ஒரே சேதி சொல்லாது. கறுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐயப்ப பக்தருக்கு அது விரதம். தமிழ்நாட்டில் பெரியாரின் இயக்கத்தாருக்கு 1940களிலிருந்து அது எதிர்ப்பின் அடையாளம். எங்கள் பாட்டிக்கு அம்மன் சன்னிதியில் பொருந்தாத நிறம். உங்களுக்குக் கெத்து. நான்கும் உண்மைதான். நிறத்துக்குப் பொருள் கொடுப்பது அதை உடுத்தும் கூட்டமும் பார்க்கும் கூட்டமும்.

மஞ்சளைப் பாருங்கள். நமக்கு மஞ்சள் கயிறு, மஞ்சள் நீர், தைப்பூசக் காவடி. மலாய்க்காரர்களுக்கு அரச குடும்பத்தின் நிறம். கிரிக்கெட் ரசிகர்களுக்குச் சென்னை சூப்பர் கிங்ஸ். 2015 ஆகஸ்டில் பெர்சே 4 பேரணி நடந்தபோது, பெர்சே 4 என்ற வாசகம் உள்ள மஞ்சள் உடைகளை உள்துறை அமைச்சு தடை செய்தது. ஒரு டி-சட்டைக்கு எவ்வளவு பலம் என்று பாருங்கள்! அதேபோல் வெள்ளை நமக்குக் கலைமகளின் சேலை, திருநீறு. துக்க வீட்டிலும் அதே வெள்ளைதான். சீனர்களின் பாரம்பரியத்திலும் வெள்ளை துக்கத்துக்குரியது, சிவப்பு மங்களகரமானது. பல இன மக்கள் வாழும் நாட்டில் சட்டை போடுகிறோம். இதையெல்லாம் யோசித்துத்தான் ஆக வேண்டும்.

3. அட்டவணையை நம்பலாமா?

"நீலம் நம்பிக்கை, சிவப்பு வெற்றி" என்று இணையத்தில் நிறைய அட்டவணைகள் இருக்கின்றன. அவற்றை அப்படியே நம்ப வேண்டாம். இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை, டேக்வாண்டோ, மல்யுத்தம் ஆகியவற்றில் சிவப்பு உடை போட்டவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு 55 ஆட்டங்களில் ஜெயித்தார்கள் என்று 2005இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. உலகமே பேசியது. பிறகு பல ஆண்டுப் போட்டிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சிவப்புக்கு அப்படி ஒரு நிச்சயமான அனுகூலம் தெரியவில்லை.

இன்னொன்று. 1979இல் அமெரிக்காவில் ஒரு கடற்படைச் சிறையறைக்கு இளஞ்சிவப்புச் சாயம் அடித்தார்கள். கைதிகளின் மூர்க்கம் குறைந்ததாகச் சொன்னார்கள். பல சிறைகள் அதைப் பின்பற்றின. பின்னால் கவனமாகச் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

நிறம் மனசைத் தொடும் என்பது உண்மை. ஆனால் அது மந்திரம் இல்லை.

4. அச்சுக் கடையில் கவனிக்க வேண்டியவை

சில்க் ஸ்கிரீன் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனி ஸ்கிரீன் வேண்டும். நிறம் கூடினால் காசும் கூடும். இரண்டு நிறம் போதும்; பார்வைக்கும் அதுதான் நல்லது.

போன் திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, துணி மையால் காட்டுகிறது. திரையில் மின்னுவது துணியில் மின்னாது. முதலில் ஒரு சட்டை மட்டும் அச்சடித்துப் பாருங்கள்.

அடர் நிறத் துணியில் வெளிர் நிறம் போட வேண்டுமானால், அடியில் வெள்ளை மை ஒரு பூச்சு வேண்டும். இல்லையென்றால் நிறம் மங்கிவிடும்.

சிவப்பு பாலியஸ்டர் துணியில் வெள்ளை எழுத்து கேட்டால் கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசுங்கள். மையைச் சூட்டில் காயவைக்கும்போது துணிச் சாயம் கசிந்து, வெள்ளை எழுத்து ரோஸ் நிறமாகிவிடலாம். அதைத் தடுக்கத் தனி மை இருக்கிறது.

5. ஓட்டெடுப்புக்கு முன் ஐந்து கேள்விகள்

ஒன்று: இந்தச் சட்டையை யார் பார்க்க வேண்டும்?

இரண்டு: எந்த நேரத்தில், எவ்வளவு தூரத்திலிருந்து?

மூன்று: பின்னால் இருப்பது என்ன? மலையா, ரோடா, மண்டபச் சுவரா?

நான்கு: நம் பெரியவர்களுக்கும் அக்கம்பக்கத்து மற்ற இனத்தவருக்கும் இந்த நிறம் என்ன சொல்லும்?

ஐந்து: டிசைனைப் போனில் கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றினாலும் எழுத்து தெரிகிறதா? தெரியவில்லை என்றால் எத்தனை அழகான நிறமானாலும் மாற்றுங்கள்.

மறு வருஷம் நாங்கள் இந்த வரிசையில்தான் போனோம். முதலில் அந்தப் பாட்டியிடமே போய்க் கேட்டேன். "மஞ்ச போடுங்கய்யா, ஆத்தாவுக்கும் ஆகும்" என்றார். கண்ணுக்கும் அதுதான் சரி. பளிச்சென்ற மஞ்சள் சட்டை, நெஞ்சில் கருநீலத்தில் சூலம், முதுகில் இரண்டு ஒளி எதிரொலிக்கும் பட்டை. முழு இருட்டில் எந்த நிறமும் உதவாது. அப்போது அந்தப் பட்டைதான் லாரி விளக்கைத் திருப்பிக் காட்டும். பட்டைக்குக் கொஞ்சம் கூடுதல் செலவானது. "கெத்தே இல்லண்ணே" என்று இரண்டு பேர் முனகினார்கள். கணுக்கால் பிசகிய தங்கை அவர்களைப் பார்த்து, "நீங்க கால்வாயில விழுந்து பாருங்க, அப்புறம் பேசுங்க" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

அந்த வருஷமும் பனி இறங்கியது. அதே வளைவுக்கு வந்ததும் எனக்கு நெஞ்சு படபடத்தது. மேலே ஒரு லாரியின் விளக்கு தெரிந்தது. தூரத்திலேயே வேகம் குறைந்தது. லாரி எங்களைத் தாண்டும் வரை ஊர்ந்துதான் போனது. ஓட்டுநர் யாரென்று பார்க்கவில்லை. ஒரு கை வெளியே வந்து ஆட்டியதை மட்டும் பார்த்தேன்.

கலந்துரையாட

அ. உங்கள் பிரிவின் சென்ற வருஷச் சட்டையைக் கொண்டுவாருங்கள். மாலை ஏழரை மணிக்கு வெளியே ஒருவர் அதைப் போட்டு நிற்கட்டும். எத்தனை அடி தூரத்தில் மறைகிறார்?

ஆ. வீட்டுப் பெரியவர்களிடம், "கோவிலுக்கு எந்த நிறம் ஆகாது? ஏன்?" என்று கேட்டு எழுதி வாருங்கள். ஒரு வீட்டின் பதிலும் இன்னொரு வீட்டின் பதிலும் ஒன்றாக இருக்கிறதா?

இ. உங்கள் வகுப்பில் உள்ள மலாய், சீன நண்பர்களிடம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூன்றும் அவர்கள் வீட்டில் என்ன பொருள் தருகின்றன என்று கேளுங்கள்.

பதில்களை அடுத்த கூட்டத்தில் பேசுவோம். ஓட்டெடுப்பை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.